நம்ம ஊர்ப் பாட்டுக்கு மட்டும் மார்க் போடக் கூடாது

ஹல் துவேலி
நவம்பர் 11

மாதா உன்னைக் காக்கட்டும்.

அன்புள்ள ஜோசெட் அக்கா,

வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்குக் கோபம், அதையும் நோயில் சேர்த்தால் இரண்டு பேருக்குச் சுகமில்லை. உனக்கு எப்படி? மெல்போர்னில் வெயில் தொடங்கிவிட்டதா? பிஸ்கட் தொழிற்சாலையில் உட்கார விடுகிறார்களா, நாள் முழுக்க நிற்கத்தான் வேண்டுமா?

மொட்டைமாடியில் துணி துவைக்கும் அறையில், டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கீழே அப்பா இருமினால் அணைத்துவிடுவேன். எங்காவது வரி கோணலாக இருந்தால் அவர் இருமினார் என்று வைத்துக்கொள். உன் பெயர் காதில் விழுந்தாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர், இதைப் பார்த்தால் என்ன செய்வாரோ. பதிலை வழக்கம்போலத் தையல்கார சேத்தா அத்தை விலாசத்துக்கே போடு. ஒன்றுக்கொன்று ஆகாத நம் நீல பாண்டுச் சங்கத்துக்கும் எதிர்வீதிச் சிவப்புச் சங்கத்துக்கும் கொடி தைக்கிற ஒரே ஆள் அவள்தான். எதையும் வெளியே விடமாட்டாள்.

செய்தி இதுதான். பல வருஷம் கழித்து நம் நாடு மறுபடியும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போகிறது. மால்டாவே பைத்தியமாகிவிட்டது. ரொட்டிக் கடையில் ரேடியோ கேட்டுக்கொண்டே ரொட்டியைக் கருக்குகிறார்கள். நாட்டுக்குள் நடக்கும் கடைசிச் சுற்றுக்குத் தேறிய பாட்டுகளில் ஒன்று விஸ்டினுடையது. அதே விஸ்டின்தான். சிவப்புக்காரர்களின் சாந்தா கத்தரீனா பாண்டில் கார்னெட் என்ற ஊதுகுழலை ஊதுகிறவன். நீ போனதே அவனால்தானே.

நம் சான் மிக்கேல் சங்கத்தில் அப்பா மேசையைத் தட்டிச் சொன்னாராம்: "அந்த ஊதுகுழல்காரன் போறதா இருந்தா நாடு போகாம இருக்கறதே மேல்." போன திருவிழாவில் நம் சங்கம் வெடித்த அதிர்வேட்டில் பள்ளிக்கூடக் கண்ணாடி உடைந்ததை இன்னும் பெருமையாகச் சொல்லித் திரிகிறவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

நீ எப்போது வருவாய்? நல்ல நேரம் பார்த்து அப்பாவிடம் பேசலாம் என்றிருக்கிறேன். அந்த நேரம்தான் வரமாட்டேன் என்கிறது.

உன் தங்கை,
மார்தீஸ்

---

மெல்போர்ன்
டிசம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பத்திரமாக வந்தது. நான் நலம். சித்தப்பாவும் சித்தியும் நலம். அம்மா முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை ஒத்தடம் கொடு. இங்கே வெயில் கொளுத்துகிறது. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கடற்கரைக்குப் போகிறார்களாம், வெட்கமே இல்லாமல். தொழிற்சாலையில் நிற்கத்தான் வேண்டும். பழகிவிட்டது.

கணக்குப் பாடத்தில் கவனமாக இரு. மாடியில் குளிரும், சால்வை போட்டுக்கொள். வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. அப்பாவிடம் எதுவும் பேசாதே.

அன்புடன்,
ஜோசெட்

---

ஹல் துவேலி
பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே யாரும் நலமாக இல்லை. விஸ்டின் ஜெயித்துவிட்டான்!

முடிவை டிவியில் சொன்ன நிமிஷமே கத்தரீனாக்காரர்கள் வேட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பிப்ரவரியில், மழையில்! பாதி வேட்டு நமுத்துப்போய் வெடிக்கவில்லை. அது ஒன்றுதான் அப்பாவுக்கு ஆறுதல். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, "ஒரு வேட்டு ஒழுங்கா வெடிக்கத் தெரியல, இவனுங்க ஐரோப்பாவுக்குப் போறானுங்க" என்றார். மே மாதம் போட்டி நடக்கும் அன்று நம் சங்கத்தில் டிவி போடக் கூடாது, பாண்டு ஒத்திகை வைக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டாகிவிட்டது. அவர்கள் வீதியில் எல்லா மாடத்திலும் சிவப்புத் துணி தொங்குகிறது. நம் வீதியில் யாரோ செத்த மாதிரி இருக்கிறது.

அக்கா, எனக்கு எரிச்சலாக இருக்காதா? போன கடிதத்தில் உப்பு மூட்டை பற்றி எழுதினாய், சால்வை பற்றி எழுதினாய். விஸ்டினைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதியதற்கு ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்குள் சண்டையா? அவனுக்காகத்தானே அப்பாவிடம் அவ்வளவு பேச்சு வாங்கினாய்?

பதில் போடு. பயந்து பயந்து எழுதுகிறேன், பதிலாவது முழுதாக வர வேண்டும்.

மார்தீஸ்

---

ஹல் துவேலி
மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? பதிலே இல்லை. சேத்தா அத்தை கடைக்குத் தினமும் போய் நிற்கிறேன். "ஊசி வாங்க வந்தியா, நூல் வாங்க வந்தியா?" என்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி அனுப்புகிறாள்.

இங்கே எனக்கு ஒரு பெரிய ஆபத்து வந்திருக்கிறது. ஒவ்வொரு நாடும் மற்ற நாட்டுப் பாட்டுகளுக்கு மார்க் போடும் அல்லவா? அதற்கு நம் நாட்டிலிருந்து ஒரு நடுவர் குழு. பாட்டுத் தெரிந்தவர்கள் வேண்டாமாம், சாதாரண ஜனங்கள்தான் வேண்டுமாம், பதினாறு வயதிலிருந்து. பள்ளியிலிருந்து என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். எடுத்தும்விட்டார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் வீடு வந்து சேருவதற்குள் மளிகைக் கடை கிரேசியு மாமா ஒரு சூரை மீன் டப்பாவைக் கையில் திணித்து, "பாப்பா, இத்தாலிக்காரனுக்குக் கொஞ்சம் பாத்துப் போடு. என் மாப்பிள்ளை அங்கதான் வேலை பாக்கறான்" என்றார்.

மறுநாள் பின்வாசல் வழியாக விஸ்டினின் அம்மா. ஒரு தட்டு நிறையப் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்த பலகாரம். "பலமான பாட்டுக்கெல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு போட்டுடும்மா. நம்ம பிள்ளை மேல வந்துடுவான்." அம்மா பயந்துபோய்த் தட்டை அலமாரியில் ஒளித்தாள். அப்பா கண்டுபிடித்து நாலு தின்றுவிட்டு, "யார் செஞ்சது? பிரமாதமா இருக்கே!" என்றார். "கடையில வாங்கினது" என்றாள் அம்மா. அவர் கேட்டாரா, நம்பினாரா, தெரியவில்லை. ஐந்தாவதையும் எடுத்தார்.

பிறகு என்னை உட்கார வைத்தார்.

"நல்லாப் பாடறவங்களுக்கெல்லாம் பத்துப் பத்தாப் போடு. அவன் கடைசியில நிக்கணும்."

"அப்பா, அது நம்ம நாட்டுப் பாட்டுப்பா."

"நாடு அடுத்த வருஷமும் போகும். சிவப்புக்காரன் இந்த வருஷம் ஜெயிச்சுட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சதுக்கத்துல நடப்பேன்?"

நம்ம ஊர்ப் பாட்டுக்கு மட்டும்தான் நான் மார்க் போடக் கூடாது, அக்கா. அதைத் தவிர வேறு எதைப் பற்றியும் இந்த ஊரில் யாருக்கும் கவலையில்லை. நான் ஒருத்தி பேனாவை அசைத்தால் ஐரோப்பா முழுக்கத் தலைகீழாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நான் என்ன செய்ய?

மார்தீஸ்

---

மெல்போர்ன்
மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுத முடியவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. கவலைப்படாதே.

அசடாக இருக்காதே. காதில் விழுவதற்கு மார்க் போடு. டப்பாவுக்கும் பலகாரத்துக்கும் போடாதே, அப்பாவுக்கும் போடாதே. சத்தியம் செய்தால் செய்ததுதான்.

நான் இரவு வேலைக்கு மாறியிருக்கிறேன். சின்னதைச் சித்தி பார்த்துக்கொள்வதால் சமாளிக்கிறேன்.

குளிர் விடும் சமயத்தில் அவனுக்கு எப்போதும் இருமல் வரும். மேடையில் பாடும்போது இருமாமல் இருக்க வேண்டுமே என்று சும்மா தோன்றியது. பாட்டு எந்தச் சுருதி? மெதுவானதா?

அவனைப் பற்றிக் கேட்டதாக அம்மாவிடம் சொல்லாதே.

ஜோசெட்

---

ஹல் துவேலி
ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

உன் காய்ச்சல் முழுக்கக் குணமானதா? காய்ச்சல் உனக்கா, வேறு யாருக்காவதா?

எந்தச் சின்னது? சித்தியின் பிள்ளைகள் எல்லோருக்கும் கல்யாணமாகிவிட்டது. அவர்கள் வீட்டில் பூனைகூடக் கிடையாது என்று நீதான் எழுதினாய். அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்து எனக்கு ஜுரம் வந்துவிடும் போலிருக்கிறது. நீ போன மாதத்திலிருந்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். எண்ணிவிட்டு டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. நேற்று அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். "சேத்தா கிட்ட குடு. அவளுக்குத் தெரியும் எங்க அனுப்பணும்னு" என்றாள். பிரித்துப் பார்த்தேன். வெள்ளைக் கம்பளியில் பின்னிய காலுறை. என் இரண்டு விரல்தான் நுழையும். இன்னொரு ஜோடி அம்மாவின் கூடையில் பாதியில் இருக்கிறது, அது கொஞ்சம் பெரியது. நான் வாயைத் திறப்பதற்குள், "முட்டாள் மாதிரி நிக்காதே, போ" என்றாள்.

இந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் இருட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேனா?

பாட்டு மெதுவானது. இருமலைப் பற்றித் தெரியாது.

மார்தீஸ்

---

மெல்போர்ன்
ஏப்ரல் 20

என் தங்கமே,

பொட்டலம் வந்தது. காலுறை சின்னதாகிவிட்டது, ஆனாலும் கழற்றவிடாமல் அழுகிறாள். பெயர் ஜுசெப்பா. அம்மாவின் பெயர்தான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். காய்ச்சல் அவளுக்குத்தான் வந்தது.

அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நான் சொல்லவில்லை. விமான நிலையத்தில் என் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், வயிற்றில் அது எட்டவில்லை, அவ்வளவுதான்.

அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிந்தால் போட்டியையும் பாட்டையும் போட்டுவிட்டு இங்கே வந்து நிற்பான், அப்படிப்பட்ட ஆள். இல்லை, அப்பா முன்னால் போய் நிற்பான். அது இன்னும் மோசம். ஒரு நாட்டையே தோளில் வைத்துக்கொண்டு போகிறவனிடம் எதையும் சொல்லாதே. சத்தியம் செய்.

போட்டியை இங்கே மறுநாள் மாலைதான் காட்டுவார்கள். யார் ஜெயித்தார்கள் என்று யாரும் எனக்குத் தந்தி கிந்தி அடித்துத் தொலைக்காமல் இருந்தால் போதும். நான் பார்க்க வேண்டும்.

ஜோசெட்

---

ஹல் துவேலி
மே 2

அன்புள்ள அக்கா,

நீயும் குட்டி ஜுசெப்பாவும் நலமாக இருக்க வேண்டும். அவள் பெயரை முதல் தடவை எழுதுகிறேன்.

சத்தியம் கேட்ட உன் கடிதம் கைக்கு வந்தது நேற்றுத்தான். அதாவது, நடந்த பிறகு.

போன வாரம் சேத்தா அத்தை கடையில் உன் பதில் வந்ததா என்று பார்க்கப் போனேன். விஸ்டின் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தான். மேடை உடுப்பின் கால்சட்டையை அத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். கத்தரீனா சங்கத்தார் கொடுத்த சிவப்பு டை மேசை மேல் இருந்தது. அவர்கள் கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை, "இதைத் தவிர வேற எதையும் கட்டினே, திரும்பி ஊருக்குள்ள வராதே" என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்கள்.

நான் ஓடப் பார்த்தேன். "மார்தீஸ், நில்லு" என்றான். "ஜோசெட் எப்படி இருக்கா? ஒன்றரை வருஷத்துல எட்டுக் கடுதாசி போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல. கல்யாணம் ஆயிடுச்சா? ஆயிடுச்சுன்னா சொல்லிடு."

எனக்குப் பயம்தான். ஆனால் கோபமும் வந்தது. எட்டுக் கடிதம், அக்கா! என்னிடம் உப்பு மூட்டை பற்றி எழுதினாயே!

"கல்யாணமெல்லாம் ஆகல. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன்.

அத்தையின் ஊசி நின்றுவிட்டது. அவன் நாற்காலி மேல் நின்றபடியே விரல் விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினான். நான் வந்துவிட்டேன்.

குழந்தை என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அது சொன்னதாகாது அல்லவா? நீ பதில் எழுதுவதற்குள் போட்டி முடிந்திருக்கும். திட்டுவதாக இருந்தால் அப்புறமாகத் திட்டு.

மார்தீஸ்

---

ஹல் துவேலி
மே 6

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். இதற்குள் நீ டிவியில் பார்த்திருப்பாய். அங்கே காட்டாததை எழுதுகிறேன்.

எங்களை ஒரு அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பத்துக்குள் மார்க் போட வேண்டும். எங்கள் எல்லோர் மார்க்கையும் கூட்டி, முதலில் வரும் பாட்டுக்கு நாட்டின் பன்னிரண்டு புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்த அடுத்த ஊர்க் கசாப்புக் கடைக்காரர் எல்லோருக்கும் ஐந்து போட்டுக்கொண்டே வந்தார். "வம்பே வேண்டாம் பாரு" என்றார்.

விஸ்டின் மேடைக்கு வந்தான். நீல டை! சாதாரண நீலமில்லை, சான் மிக்கேல் கொடி நீலம். அந்தத் துணி ஊரில் சேத்தா அத்தையிடம் மட்டும்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எங்கள் அறையில் கசாப்புக் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "இவன் கத்தரீனாக்காரன்தானே? இவனுக்கு என்ன கேடு? ஊருக்குள்ள போனா கிழிச்சுத் தொங்கவிடுவாங்களே!"

வீட்டில் நடந்ததை அம்மா சொன்னாள். டிவி பார்க்கவே மாட்டேன் என்ற அப்பா, வாசல்படியில் பாதி முதுகைக் காட்டி நின்றிருந்தாராம். திரும்பிப் பார்த்தவர் டிவிக்குக் கிட்டே வந்தாராம். பிறகு, "ஜுசெப்பா, டிவியில கலர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாராம்.

"கலர் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா பின்னல் கூடையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்திருக்கிறாள். "இது உங்க பேத்திக்கு. அவ அப்பன் அங்க நின்னு பாடறான்."

அப்பா உட்கார்ந்துவிட்டாராம். அந்தக் காலுறையைக் கையில் பிடித்தபடியே பாட்டு முழுதும் கேட்டாராம். அதன் பிறகு மார்க் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவருக்கு வெறி பிடித்தது. ஒவ்வொரு நாடாகச் சொல்லச் சொல்ல நாம் மேலே போனோம். மூன்றாவது இடத்தில் நின்றோம். கடைசியாகச் சொன்னது நம் நாடு. நம் பன்னிரண்டு யாருக்கு? அந்த மஞ்சள் உடை வட ஐரோப்பியப் பெண்ணுக்கு. அவள் நம்மைத் தாண்டிப் போய்விட்டாள். டிவியைப் பார்த்து, "மார்தீஸ், போடாதே! அவளுக்குப் போடாதே!" என்று கத்தியது அடுத்த வீதி வரை கேட்டதாம்.

நான் அவளுக்கு ஒன்பது போட்டேன், அக்கா. நன்றாகப் பாடினாள். காதில் விழுந்ததற்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு! அவளுக்குப் பன்னெண்டு! வீட்டுப் பிள்ளைக்கு எதிரா!"

"நீங்கதானேப்பா நல்லாப் பாடறவங்களுக்குப் பத்துப் போடச் சொன்னீங்க?"

"நான் சொன்னா நீ கேட்டுடுவியா? என்னிக்கு இந்த வீட்டுப் பொண்ணுங்க நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க?"

'வீட்டுப் பிள்ளை' என்றார். கவனித்தாயா? அவருக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. பிறகு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அதனால் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இருமல் சத்தம் கேட்கிறது. ஆனால் அது இருமல் மாதிரி இல்லை.

நீ நலமா? அவள் நலமா? இனி என்ன ஆகும்?

மார்தீஸ்

---

மெல்போர்ன்
மே 8

அன்புத் தங்கைக்கு,

ஆண்டவர் அருளால் நாங்கள் இருவரும் நலம்.

பார்த்தோம். சித்தி, "யாருடி இந்தப் பையன், நல்லா பாடறானே?" என்றாள். குட்டி, பாட்டு முடியும்வரை டிவிக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சித்தி குழந்தையைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள், அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அந்த டை அவனுக்குப் பொருந்தவே இல்லை. சிவப்பே எடுப்பாக இருந்திருக்கும்.

இன்று காலை தொலைபேசி அடித்தது. யார் என்று எழுத வேண்டியதில்லை. 'ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க' என்று சொன்னவள் யார் என்றும் தெரிந்துகொண்டேன். உன்னைத் திட்டுவதற்காக நாளெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை.

ஜோசெட்

---

ஹல் துவேலி
ஜூன் 3

அன்புள்ள அக்கா, குட்டி ஜுசெப்பா,

இதைப் பட்டப்பகலில், அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச் இல்லை. அப்பா பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுத வேண்டும் என்கிறார். அவர் எழுதினால் யாருக்கும் புரியாதாம்.

விஸ்டின் திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் பாதி மால்டா நின்றது. நம் ஊரில் மட்டும் ஒருவரும் வேட்டுப் போடவில்லை. சிவப்புக்காரர்கள் டையைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள், நம் ஆட்கள் அவன் கையிலிருந்த கார்னெட்டைப் பார்த்துக் கொதித்தார்கள். அவன் நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்தான். அப்பா கதவைத் திறந்தார், சாத்தினார், மறுபடியும் திறந்தார். "வெளியில நின்னு ஊரைக் கூட்டாதே, உள்ள வா" என்றார். அம்மா பாலாடைக்கட்டி அடைத்த பஸ்தித்சி சுட்டாள். அப்பாவும் அவனும் போட்டி போட்டுத் தட்டைக் காலி செய்தார்கள்.

நேற்று அவன் அப்பா அம்மா வந்தார்கள். நீங்கள் வந்து இறங்கும்போது குழந்தைக்கு எந்த நிற ரிப்பன் கட்டுவது என்பதில் சண்டை. அப்பா விடுவதாக இல்லை. அவர்களும் விடுவதாக இல்லை. "வெள்ளை கட்டுங்களேன்" என்றேன். இரண்டு பக்கமும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். இரண்டு சங்கமும் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

"செப்டம்பர்ல நம்ம திருவிழாவுக்குள்ள வந்துடணும்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன். "விமான டிக்கெட் அவன் எடுத்துட்டானாம், சொல்லு." சொல்லிவிட்டேன். "மன்னிப்புன்னு எதுவும் எழுதாதே." எழுதவில்லை.

இப்போது ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார்.

"குழந்தைக்குச் சத்தம்னா பயமான்னு கேளு. அதிர்வேட்டுச் சத்தம்."

கேட்கிறேன்: பயமா?

"பயப்படும்னா..." என்று நிறுத்தினார். "வேண்டாம், அதை எழுதாதே."

"என்னப்பா?"

"பயப்படும்னா இந்த வருஷம் வேட்டு இல்லாமலே நடத்திக்கலாம். எழுதாதேன்னு சொன்னேன்ல! சங்கத்துக்காரன் எவனாவது படிச்சா என் மானம் போயிடும்."

எழுதிவிட்டேன், அக்கா.

உன் தங்கை,
மார்தீஸ்